கீரிப்பிள்ளையும் சங்கக் கிடங்கும்

திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மகாசபைக் கூட்டத்திற்குச் சென்ற மாதம் நாம் சென்றிருந்தோம். அச்சங்கத்தின் உறுப்பினரிற் பலர் ஓரிரு ஏக்கர் நிலமும் வைத்து, வீட்டில் தறியும் வைத்திருப்பவர்கள். வரவு செலவுக் கணக்கு ஓசையின்றி நிறைவேறியது. இலாபப் பங்கீடும் அவ்வாறே. சபையில் ஓசை எழுந்தது எலியைப் பற்றிய பேச்சு வந்தபோதுதான்.

கிடங்கிலிருந்த நெல்லிலும் விதை மணிலாவிலும் கண்ட குறைவு, இருப்புப் பதிவேட்டில் ‘எலியால் சேதம்’ என்று எழுதப்பட்டிருந்தது. (அத்தலைப்பில் எழுதப்படும் சேதம் முழுவதும் நான்கு கால் எலியால் வந்ததன்று என்பதைத் தணிக்கை செய்வோர் அறிவர். அதனைப் பிறிதொரு சமயம் எழுதுவோம்.) அப்போது படித்த இளைஞரான உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மேனாடுகளில் ‘ஃபெரெட்’ என்றொரு பிராணியை வளைக்குள் விட்டு முயலையும் எலியையும் துரத்துகிறார்கள் என்றும், அது வீட்டில் குழந்தையைப் போல் வளர்வதாகவும், சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து அதில் ஒரு சோடி வாங்க வேண்டும் என்றும் அவர் கூறினார். படங்களையும் தம் கைப்பேசியில் எல்லாருக்கும் காட்டினார்.

முன் வரிசையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் சிரித்தார். “தம்பி, சீமையிலிருந்து வருவிப்பானேன்? நம் மலையடிவாரத்தில் கீரிப்பிள்ளைக்கா பஞ்சம்? என் தகப்பனார் தறிக்குழியிலேயே கீரி வளர்த்தவர்” என்றார். “கீரியை நாம் பிடித்தால் நம்மை வனத்துறையார் பிடிப்பார்களே பெரியவரே” என்றார் இளைஞர். சபை சிரித்தது. தலைவர் நம் பக்கம் திரும்பி, “ஆய்வாளர் ஐயா அபிப்பிராயம் சொல்ல வேண்டும்” என்றார். நின்ற நிலையில் சொல்லக்கூடிய விஷயமன்று, நம் மாத இதழில் எழுதுகிறோம் என்று கூறி வந்தோம். அவ்வாக்கையே இப்போது நிறைவேற்றுகிறோம்.

முதலில் ஃபெரெட். நீண்டு மெலிந்த உடலும் குறுகிய கால்களும் உடைய சிறு ஊனுண்ணி இது. ஆண் ஒரு கிலோ முதல் இரண்டு கிலோ வரை எடையிருக்கும். பெண் அதனினும் சிறியது. ஐரோப்பியக் காடுகளில் வாழும் ஓர் இனத்தை மனிதர் பழக்கி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்து வருவதால் உண்டான வீட்டுப்பிராணி. பார்வைக்கு நம் கீரியைப் போலிருந்தாலும் குடும்பம் வேறு. ஸ்பெயின் நாட்டில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த ஒரு பிராணியின் வாயைக் கட்டி வளைக்குள் விட்டு முயலை வெளியேற்றினார்கள் என்று கிரேக்க நிலவியலறிஞர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அது ஃபெரெட்டாக இருக்கலாம் என அறிஞர் கருதுவர்.

அதனிடம் வேலை வாங்கும் முறை சுவையானது. முயல் வளைக்குப் பல வாய்கள் உண்டு. ஒவ்வொரு வாயிலும் ஒரு சிறு சுருக்கு வலையைப் பொருத்திவிட்டு, ஏதேனும் ஒன்றின் வழியே ஃபெரெட்டை உள்ளே விடுவார்கள். அதன் வாடை பட்டதும் முயல் அஞ்சி வேறொரு வாயால் பாய்ந்து வலையில் சிக்கும். பிடிப்பது ஃபெரெட்டின் வேலையன்று, விரட்டுவதே அதன் வேலை. சில சமயம் அது உள்ளேயே முயலைக் கொன்று, வயிறார உண்டு, அங்கேயே உறங்கிவிடும். அந்நாட்டு வேட்டைக்காரர் இக்காலத்தில் அதன் கழுத்தில் வானொலிக் கருவி கட்டி அனுப்புவது இதற்காகத்தான். கருவி காட்டும் இடத்தில் மண்வெட்டி கொண்டு தோண்டுபவன் மனிதனே. இச்செய்தியை உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம், பின்னால் பயன்படும்.

முயலின் கதை இது. எலியோ திரும்பிக் கடிக்கும். ஆங்கில நாட்டு எலிபிடிப்போர் ஃபெரெட்டை விரட்டுவதற்கு வைத்துக்கொண்டு, வெளியே வரும் எலியைக் கொல்லச் சிறு நாய்களையும் உடன் வைத்திருந்தார்கள். ஆகவே நம் இளைஞர் கேட்கும் ஒரு சோடியோடு செலவு நிற்காது. நாயும் வேண்டும், நாயை ஏவத் தெரிந்த ஆளும் வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக நம் வெயில் இருக்கிறது. ஃபெரெட்டுக்கு வேர்த்து உடலைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. வெப்பம் 30 டிகிரியை எட்டினாலே அது தளரும். அதற்கு மேல் உயிருக்கு ஆபத்து. கத்திரியில் 40 டிகிரி காணும் திருவண்ணாமலையில், தகரக் கூரையிட்ட சங்கக் கிடங்கில் அது எத்தனை நாள் இருக்கும்? நாள்தோறும் இறைச்சி வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி வேண்டும். பெண் ஃபெரெட் பருவத்திற்கு வந்து துணை சேராமலும் கருத்தடை செய்யப்படாமலும் இருந்தால், இரத்தம் வற்றிச் சாகவும் கூடும். இவற்றை அறிந்து பார்க்கும் மருத்துவர் நம் தாலுகா கால்நடை மருந்தகத்தில் இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. குளிர்நாட்டில் அதனை மடியில் வைத்து வளர்ப்பவர்களின் அன்பை நாம் குறை கூறவில்லை. விளையாட்டுக் குணமுள்ள பிராணி. நாளின் பெரும்பகுதி உறங்கும். அக்குணங்களுக்காகச் சங்கப் பணத்தைச் செலவிட முடியாது, அவ்வளவே.

தப்பியோடினால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து சான்று. முயலை அடக்க 1880-களில் அங்கே ஃபெரெட்டையும் அதன் இனத்துப் பிராணிகளையும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் விட்டார்கள். முயல் அழியவில்லை. பறக்கமாட்டாத கிவி முதலிய பறவைகள் இரையாயின. 2002-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் ஃபெரெட்டை விற்பதும் இனம்பெருக்குவதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் பெரியவர் கூறிய கீரி?

நம் மொழி அதனைக் கீரி என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை, கீரிப்பிள்ளை என்கிறது. கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று நாம் பரிவோடு நோக்குவனவற்றிற்கெல்லாம் பிள்ளைப் பட்டம் தரும் வழக்கம் நம்முடையது. குழந்தையைக் காத்த கீரியைப் பிழையாக எண்ணிக் கொன்ற பார்ப்பனியின் கதையைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை சொல்கிறது. கணவனால் கைவிடப்பட்ட அவளுடைய துயரைக் கோவலன் தன் பொருளைக் கொடுத்துத் தீர்த்தான். ஆக, வீட்டில் கீரி வளர்ப்பது நமக்குப் புதிதன்று. பெரியவர் சொன்னதில் பொய்யில்லை.

கூட்டம் முடிந்தபின் அவர் வீட்டிற்கு நாம் சென்றோம். தாழ்வாரத்தில் குழித்தறி, பாவு பூட்டியிருந்தது. பருத்தி நூலுக்கு அரிசிக் கஞ்சி போடுவதால் எலி அதனைத் தின்பண்டமாகவே எண்ணி வருகிறது. ஓர் இரவில் எலி கடித்த பாவைப் பிணைப்பதற்கு ஒரு முழுநாள் போய்விடும். அந்த நாளுக்குக் கூலி தருபவர் யாருமில்லை. பட்டு நெய்யும் ஆரணிப் பக்கத்து வீடுகளில் நட்டம் இதனினும் பெரிது. அவர் தகப்பனார் குட்டியாகக் கிடைத்த ஒரு கீரியைப் பாலூட்டி வளர்த்ததை அன்போடு விவரித்தார். கழுத்தில் கயிறு கட்டித் தறிக்காலில் பிணைத்திருப்பார்களாம். அவிழ்த்துவிட்ட ஒரு நாள் அடுத்த வீட்டுக் கோழிகள் நான்கைக் கொன்றுவிட்டதாம். அவ்வழக்கு பஞ்சாயத்து வரை போயிற்றாம். “பெரியவரே, எலி குறைந்ததா?” என்று கேட்டோம். சற்று நேரம் யோசித்தார். “உள்ளதைச் சொல்கிறேன் ஐயா. கீரி இருந்தவரை பாம்பு வரவில்லை. எலி வந்துகொண்டுதான் இருந்தது” என்றார்.

காரணம் எளிது. கீரி பகலில் இரைதேடுவது. எலி இரவில் நடமாடுவது. பகலெல்லாம் கட்டிவைத்து இரவில் உறங்கவிட்டால் ஒன்றையொன்று சந்திப்பது எப்போது? இந்தச் சிறிய உண்மையை எண்ணிப்பாராமல் உலகம் கொடுத்த விலை பெரிது. 1872-இல் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்ட முதலாளி ஒருவர் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வருவித்தார். அவற்றின் வழிவந்தவை 1883-இல் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போயின. எலி ஒழியவில்லை, தரையில் கூடுகட்டும் பறவைகள் அருகின. பின்னர் 1979-இல் ஜப்பானியர் அமாமி ஓஷிமா என்னும் தீவில், நஞ்சுப் பாம்பை ஒழிக்க எண்ணி முப்பது கீரிகளை விட்டனர். அப்பாம்பும் இரவில் திரிவதே. கீரிகள் அங்கு மட்டுமே வாழும் அரிய முயலினத்தைத் தின்று பெருகின. கடைசிக் கீரி வரை பிடித்து முடித்தாயிற்று என்று ஜப்பான் அரசு அறிவித்தது 2024-ஆம் ஆண்டில்.

அவை நம் நாட்டிலிருந்து போன பிராணிகள். பிறந்த மண்ணில் கீரி யாருக்கும் பகையன்று. கிரிவலப் பாதையில் விடியற்காலையில் நடப்பவர்கள் அது குறுக்கே ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். வரப்போரப் புதரில் தன் விருப்பப்படி திரியும் கீரி, எலிக்குஞ்சையும் பாம்பையும் பூச்சியையும் தின்று நமக்குக் கூலியின்றி உழைக்கிறது. அதனைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சங்கத் தீர்மானத்தின் பேரில் செய்தாலும் குற்றம் குற்றமே. தீர்மானத்தில் கையெழுத்திட்ட நிர்வாகக் குழுவினர் அனைவரும் பதில் சொல்ல நேரிடும். கீரி கடித்தால் வெறிநோய் ஊசி போட்டாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

நெசவாள உறுப்பினருக்கு இங்கே ஒரு வார்த்தை. கட்டத்தாளில் புட்டாவும் கரையும் எழுதும் ஓவியர்கள் சிலர் கீரி மயிர்த் தூரிகையை விரும்பி வாங்குகிறார்கள். கீரியைக் கொல்லாமல் அம்மயிர் கிடைப்பதில்லை. 2019-இல் நாடு முழுவதும் இத்தூரிகை வாணிபத்தின் மேல் சோதனைகள் நடந்தன. செயற்கை இழைத் தூரிகை கடைகளில் கிடைக்கிறது. சங்கக் கணக்கில் தூரிகை வாங்கிய சீட்டு இனி வந்தால், எந்த மயிர் என்று நாம் கேட்போம்.

சீமைப் பிராணி உதவாது, நாட்டுப் பிராணியைக் கட்டலாகாது. வளைக்குள் இருக்கும் எலியை வெளியே கொணர்வது யார்? ஃபெரெட் உறங்கிவிட்டால் தோண்டுகிறவன் மனிதன் என்று முன்னர்ச் சொன்னோம். அம்மனிதர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். இருளர் குடியினரைச் சொல்கிறோம்.

இருளர் எலி பிடிப்பதை வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு வேறு எந்தப் பிராணியும் வேண்டியதில்லை என்று தோன்றும். வளைவாயில் தள்ளிய மண் ஈரமா காய்ந்ததா என்று பார்த்தே உள்ளே எலி இருப்பதைச் சொல்கிறார்கள். எது வரப்பெலியின் வளை, எது வெள்ளெலியின் வளை என்பது அவர்களுக்குத் தெரியும். பக்க வாய்களையெல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு, அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலும் தழையும் இட்டுத் தீமூட்டி, பானை வாயை வளையோடு பொருத்தித் துளையில் வாய் வைத்து ஊதுகிறார்கள். புகை உள்ளே போகிறது. பிறகு கடப்பாரை. கால் மணி நேரத்தில் குடும்பத்தோடு எலி கைக்கு வருகிறது. வரப்பெலி சேர்த்து வைத்த நெற்கதிரும் வெளியே வருகிறது. நஞ்சு இல்லை, நஞ்சுண்ட எலியைத் தின்று கூகையும் கீரியும் சாவதும் இல்லை. வரப்பு வெட்டுப்படுகிறது என்பது உண்மை. மாலையில் இரண்டு கூடை மண் போட்டு மிதித்தால் தீர்ந்தது.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. ஊதுகிறவரின் கண்ணும் மார்பும் புகையால் கெடுகின்றன. கையால் சுழற்றிப் புகை செலுத்தும் இரும்புக் கருவி ஒன்று இதற்கெனச் செய்யப்பட்டு இருளரிடம் பழக்கத்திலும் வந்திருக்கிறது. ஒரு சோடி ஃபெரெட்டுக்குக் கேட்ட பணத்தில் சங்கம் இக்கருவியை வாங்கி வைத்து, வேலைக்கு வருவோரிடம் கொடுக்கலாம்.

கூட்டுறவாளர்க்கு இருளரைப் பற்றி நாம் அதிகம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடந்து வருகிறது. அதற்கு முன் பாம்புத் தோல் வாணிபத்தில் பிழைத்தவர்கள், தோல் ஏற்றுமதி நின்றபின் வழியற்று நின்றார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் முயற்சியால் அமைந்த அச்சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறது. நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்வதற்கான நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. அச்சங்கத்து உறுப்பினர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா சதுப்பு நிலத்திற்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். 2023-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்கள். களவெடுத்த வயலில் எலி தேடுவது போல, நாம் உலகெங்கும் தேடும் வித்தை நம் வயலோரக் குடிசையில் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். அம்மகாசபையில் இருளரை அழைக்கலாம் என்று நாம் இலேசாகச் சொன்னபோதே, “அவர்களைக் கிடங்குக்குள் விடுவதா?” என்று ஒரு குரல் எழுந்தது. யார் என்று எழுத நாம் விரும்பவில்லை. ஊர் பேர் தெரியாத சீமைப் பிராணியைக் கிடங்கிலேயே குடிவைக்கச் சம்மதித்த சபை அது. தலைமுறை தலைமுறையாக நம் வரப்பைக் காத்துவரும் மனிதரை வாசலில் நிறுத்துகிறோம் என்றால், கூட்டுறவு என்ற சொல்லை நம் பெயர்ப்பலகையில் எதற்கு எழுதியிருக்கிறோம்?

கூலி விஷயத்திலும் நம் கை சுத்தமில்லை. பல ஊர்களில் பிடித்த எலியும் வளையில் கிடைத்த நெல்லுமே கூலி என்று வழக்கமாக வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்தாலும் எலிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பது. எலி குறைந்த வயலில் நாள் முழுதும் உழைத்தவர் வெறுங்கையோடு போவார். முன்பணம் என்ற பெயரில் சிறு தொகை கொடுத்து ஆண்டுக்கணக்கில் ஆளைக் கட்டிவைக்கும் கொடுமையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தபின்னும், வட மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கொத்தடிமைகளாயிருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர் பலர். ஆகவே இவர்களுக்குச் சங்கம் ஒருபோதும் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கலாகாது என்பது நம் உறுதியான அபிப்பிராயம். அன்றன்று நாட்கூலி, அவரவர் பெயரில் பற்றுச்சீட்டு, பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே தொகை. வளையில் கிடைக்கும் நெல் வழக்கப்படி அவர்களுடையதே. அதனைக் கூலியில் கழிப்பது கூடாது. நாற்று நட்ட பின்னும் கதிர் பிடிக்கும் முன்னும் ஆக இரு முறை, ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் பிடித்தால்தான் பயனுண்டு. ஒருவர் வயலில் பிடித்து அடுத்தவர் வயலில் விட்டுவைத்தால் பத்து நாளில் பழைய கதைதான். இதனைத் தனி விவசாயி செய்ய இயலாது, சங்கத்தால் இயலும்.

கிடங்கின் மற்றக் காரியங்கள் எல்லாரும் அறிந்தவையே. மூட்டைகளைச் சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். கதவடியில் தகடு அடிக்க வேண்டும். கால் அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட இடுக்கு சுண்டெலிக்குப் போதும். வயலில் இரவுப் பறவை உட்காரத் தாங்கி நட வேண்டும். கூகை அலறினால் கேடு என்று கல்லெறிவோர் எறியாதிருந்தாலே பாதி எலி குறையும்.

இக்கட்டுரையின் கருத்தைச் சங்கத் தலைவருக்கு முன்கூட்டியே எழுதியிருந்தோம். ஃபெரெட் தீர்மானத்தை இளைஞர் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்றும், புகைக் கருவியின் விலையை விசாரிக்க அவரையே நியமித்திருக்கிறார்கள் என்றும் பதில் வந்திருக்கிறது. கூலித் தொகைக்குரிய இடத்தை மட்டும் தீர்மான வரைவில் காலியாக விட்டிருக்கிறார்கள். வரும் மாதம் நிர்வாகக் குழு கூடும்போது அதனை நிரப்புவார்களாம். நாமும் அன்று அங்கே இருப்போம். கிடங்கின் பின்சுவரில் எலி தோண்டிய வழியை அடைப்பதற்குச் சிமெண்டு வாங்கிய சீட்டு இன்னும் நம் பார்வைக்கு வரவில்லை.